ரோட்டரி என்ஜினை முதல் தடவை பிரித்துக் கட்டுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 மாதிரி ரோட்டரி கார் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுற்றும் என்ஜின் போட்டது) வைத்திருந்து, "என்ஜினை நானே பிரித்துக் கட்டிவிடலாமா?" என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கீழே வரும் அளவுகள் 1986-இலிருந்து ஆர்எக்ஸ்-7 கார்களில் வந்த, 2 மி.மீ. அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் நின்று அறைகளைப் பிரிக்கும் பட்டை) போட்ட 13பி என்ஜினுக்கானவை. ஆர்எக்ஸ்-8 எங்கே மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் காருக்கான சர்வீஸ் மேனுவல் பக்கத்திலேயே இருக்கட்டும். நான் சொல்வதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் மேனுவல் சொல்வதையே கேளுங்கள்.

பிஸ்டன் என்ஜின் கட்டிய பழக்கம் இருக்கிறது. ரோட்டரி அதைவிடக் கஷ்டமா?

வேலை குறைவு, கவனம் அதிகம் வேண்டும். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. உள்ளே சுற்றுகிற பெரிய சாமான் மொத்தமே மூன்று: இரண்டு ரோட்டர், அவற்றைத் தாங்குகிற ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். வெளிக்கூடு ஐந்து அடுக்கு. முன்பக்க சைடு ஹவுசிங், ஒரு ரோட்டர் ஹவுசிங், நடு ஹவுசிங், இன்னொரு ரோட்டர் ஹவுசிங், பின்பக்க சைடு ஹவுசிங். டிபன் கேரியர் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னாலிருந்து முன்னால் வரை நீளமான போல்ட்டுகள் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

ரோட்டருக்குள் இருக்கும் கியருக்கு 51 பல். ஹவுசிங்கில் அசையாமல் நிற்கும் ஸ்டேஷனரி கியருக்கு 34 பல். அதனால் ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ரோட்டருக்கு மூன்று முகம் என்பதால் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை எரிக்கிறது. ஓர் அறை 654 சி.சி.; இரண்டு ரோட்டரையும் சேர்த்து 1308 சி.சி. என்று கணக்கு வைக்கிறார்கள்.

கஷ்டம் எங்கே என்றால் சீல்களில். ஒரு ரோட்டருக்கு மூன்று முனையிலும் அபெக்ஸ் சீல் 3, அவற்றின் இரண்டு நுனியிலும் உருண்டையான கார்னர் சீல் 6, பக்கங்களின் ஓரத்தில் சைடு சீல் 6, ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் 4. இரண்டு ரோட்டருக்கும் சேர்த்தால் 38 உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்பிரிங் உண்டு. அபெக்ஸ் சீலே இரண்டு அல்லது மூன்று துண்டாக வரும். பிஸ்டன் ரிங் போல மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

அபெக்ஸ் சீலைப் பற்றியே ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

ஆரம்பத்திலிருந்தே இந்த என்ஜினின் தலைவலி அதுதான். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்எஸ்யூ கம்பெனியோடு சேர்ந்து செய்த முதல் மாதிரி 1957-இல் ஓடியது. அதற்கு உரிமம் வாங்கிய மாஸ்டாவில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. அவர்கள் சோதித்த என்ஜின்களில் ரோட்டர் ஹவுசிங்கின் உள்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல் விழுந்தது. சீல் சுவரோடு வழுவழுவென்று சறுக்காமல் அதிர்ந்து அதிர்ந்து போனதால் வந்த வடு. 'பிசாசின் நகக்கீறல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு வழி கண்டுபிடித்த பிறகுதான் 1967-இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் கடைக்கு வந்தது. அதே 1967-இல் வந்த என்எஸ்யூ ஆர்ஓ 80 நல்ல கார் என்று பெயர் வாங்கியும், சீல் தேய்ந்து என்ஜின் என்ஜினாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மூன்று அறைகளையும் பிரித்து வைப்பது அந்த மெல்லிய பட்டைகள்தான். ஒன்று உடைந்தால் அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு அறைகளும் ஒரே நேரத்தில் போகும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறி, ரோட்டரில் பள்ளம் போட்டு, டர்போ இருந்தால் அதன் இறக்கையையும் கடித்துவிட்டு வெளியேறும்.

என்ஜினைப் பிரிக்கிற கட்டம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

என்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் கிளம்ப மறுப்பது முதல் அறிகுறி. ஐடிலில் டக் டக் என்று ஒரே தாளத்தில் குலுங்குவது அடுத்தது. ரேடியேட்டரில் குமிழி வருவது, கூலன்ட் போகிற இடம் தெரியாமல் குறைவது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருவது எல்லாம் கூலன்ட் சீல் போனதைக் காட்டும்.

ஆனால் அறிகுறியை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். கம்ப்ரெஷன் பாருங்கள். சாதாரண பிஸ்டன் என்ஜின் கேஜ் போட்டால் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டி, ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தையும் சொல்லும். அது கிடைக்காவிட்டால் கேஜின் வால்வை அழுத்தித் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். முள் மூன்று தடவை துள்ளும். மூன்றும் ஒரே உயரமா என்று பார்த்தால் போதும். அதை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

250 ஆர்பிஎம்-இல் கம்ப்ரெஷன் 6 கிலோவுக்கு (சதுர செ.மீ.-க்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) கீழே போனால் பழைய 13பி பிரிக்க வேண்டியதுதான். ஆர்எக்ஸ்-8-க்கு அந்தக் கோடு 6.9 கிலோ. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் நல்ல என்ஜின்கூடக் குறைவாகக் காட்டும். பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் சரிபார்க்காமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

என்னென்ன கருவி வேண்டும்?

சாதாரண ஸ்பேனர் செட்டோடு, நல்ல டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மைக்ரோமீட்டர், நேர் விளிம்புப் பட்டை, ஸ்டாண்டோடு டயல் கேஜ். ஃப்ளைவீல் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட், ஃப்ளைவீல் சுற்றாமல் பிடிக்க ஒரு பிடி, அதைக் கழற்ற ஒரு புல்லர். என்ஜினைச் செங்குத்தாக நிறுத்தக்கூடிய ஸ்டாண்ட். வாசலின் ஒரு டப்பா. அளக்கும் கருவிகளைக் கடன் வாங்கியாவது நல்லதாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றில் சமாளிக்கலாம்.

அந்த ஃப்ளைவீல் நட் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அது 400-இலிருந்து 490 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிய நட். போதாததற்குத் திரெட் லாக் பசையும் போட்டிருப்பார்கள். சூடு காட்டுங்கள், பசை இளகும். பிறகு நீளமான குழாயை ரெஞ்சில் செருகி, ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரே சீராக அழுத்தம் கொடுங்கள். என்ஜின் காரில் இருக்கும்போதோ ஸ்டாண்டில் பலமாகப் பூட்டிய பிறகோதான் இதைச் செய்ய வேண்டும். தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு முயன்றால் என்ஜினும் உருளும், ஆளுக்கும் அடிபடும். நட் வந்த பிறகும் ஃப்ளைவீல் கூம்பில் இறுகி நிற்கும். நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் நாலைந்து மரை விட்டுவைத்துப் புல்லர் போடுங்கள். இல்லாவிட்டால் பட்டென்று கழன்று காலில் விழும்.

பிரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவசரப்பட்டால் தகவல் போய்விடும். பிரிப்பது ஒரு விசாரணை. எந்த சீல் எந்த ரோட்டரின் எந்த மூலையில் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்தால்தான் என்ஜின் ஏன் போனது என்று புரியும். ரோட்டரின் மூலைகளுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும்; அதை வைத்தே பெயரிட்டு, அறை பிரித்த பெட்டியில் வரிசையாகப் போடுங்கள். முன் ரோட்டர், பின் ரோட்டர் என்று எழுதி வையுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் தூக்கியதும், எதையும் துடைப்பதற்கு முன்னால், படம் எடுங்கள். கரியின் நிறம், ஆயில் தேங்கிய இடம், கூலன்ட் கசிந்த தடம் எல்லாம் துடைத்தால் போய்விடும்.

ஹவுசிங்கைத் தூக்கும்போது ரோட்டரிலிருந்து சீல் நழுவி விழும். இன்னொரு ஆள் கூட இருந்தால் நல்லது. கரி பிடித்து அசையாத சைடு சீலை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள். பள்ளத்தின் ஓரம் கெட்டுவிடும், ரோட்டரே வீண். கார்பன் கரைக்கும் திரவத்தில் ஊறப்போட்டு, மறுநாள் பாருங்கள்.

எதைத் திரும்பப் போடலாம், எதைத் தூக்கிப்போட வேண்டும்?

ரப்பர், டெஃப்லான், ஸ்பிரிங் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக மாற்றுங்கள். கூலன்ட் சீல், ஆயில் ஓ-ரிங், கார்னர் சீலுக்குள் இருக்கும் ரப்பர் கட்டை, முன் கவரில் ஆயில் பாதையில் உட்காரும் சின்ன ஓ-ரிங், எல்லாமே. அந்தக் கடைசி ஓ-ரிங் பிதுங்கிக் கிழிந்தால் ஆயில் பிரஷர் இறங்கும். அதற்குப் பின்னால் ஓர் ஆதரவு வளையம் சேர்த்துப் போடுவது வழக்கம், போடுங்கள்.

பெரிய சாமான்களில்தான் யோசிக்க வேண்டும்.

ரோட்டர் ஹவுசிங் அலுமினியம். உள்சுவரில் இரும்புத் தகடு பதித்து அதன்மேல் குரோம் பூசியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளையைச் சுற்றியும், சுவரின் இரண்டு ஓரத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் குரோம் உரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் லேசாக உரிந்திருந்தால், மென்மையாகத் தேய்த்துப் பிசிறு எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. சீல் ஓடும் நடுப்பாதையில் உரிந்திருந்தால் யாரும் சமாதானம் சொல்ல முடியாது. பிஸ்டன் என்ஜின் மாதிரி போர் பெரிதாக்கி அடுத்த அளவு போடுகிற வழி இங்கே இல்லை.

சைடு ஹவுசிங் வார்ப்பிரும்பு. நேர்ப் பட்டையைக் குறுக்கே வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விடுங்கள், வளைவு 0.04 மி.மீ.-க்கு மேல் இருக்கக்கூடாது. சைடு சீல் ஓடிய இடத்தில் படி விழுந்திருக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்த்து 0.10 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தால் வேண்டாம். தேய்த்துச் சமன் செய்து கொடுக்கிற இயந்திரப் பட்டறைகள் உண்டு. ஆனால் அந்தப் பரப்பில் நைட்ரைடு செய்த கடினத் தோல் ஒன்று இருக்கிறது; தேய்த்தால் அதுவும் போகும். 1986-க்குப் பிறகு கூலன்ட் சீல் உட்காரும் பள்ளம் இந்த இரும்பு ஹவுசிங்கில்தான் இருக்கிறது. பள்ளத்தின் மெல்லிய சுவர் துருப்பிடித்தோ வெடித்தோ இருக்கிறதா என்று பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில் முழுச்சுற்றும் பாருங்கள். மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் இந்த ஓர் இடத்தால் ஹவுசிங் வீணாவது அடிக்கடி நடக்கிறது.

ரோட்டரில் முக்கியம் அபெக்ஸ் சீல் பள்ளம். சீலுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி 0.15 மி.மீ.-ஐத் தாண்டினால் சீல் உள்ளே ஆட ஆரம்பிக்கும். ஆயில் ரிங்கின் உரசும் விளிம்பு 0.5 மி.மீ.-க்கு மேல் அகலமாகியிருந்தால் அது ஆயிலை வழிக்காது, புகைதான் வரும். பேரிங்கில் செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் மாற்றுங்கள். ரோட்டரை வேறு என்ஜினிலிருந்து எடுத்துப் போடுவதானால் இரண்டும் ஒரே கம்ப்ரெஷன் விகிதமா, எடைக் குறி ஒத்துவருகிறதா என்று பாருங்கள். முன், பின் எதிர்எடைகளோடு சேர்த்துத்தான் அது சமநிலைப்படுத்தப்பட்டிருக்கும்.

கரியை எப்படி எடுப்பது? மணல் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். ஒரு மணல் துகள் பள்ளத்திலோ ஆயில் துளையிலோ ஒளிந்திருந்தால் போதும், புதிய பேரிங் போய்விடும். ஊறவைத்து, பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து, அப்புறம் பழைய சீல் துண்டையே பள்ளத்துக்குள் விட்டு இழுத்து எடுங்கள். காரத் திரவத்தை இரும்பு ரோட்டருக்குப் பயன்படுத்தலாம். அலுமினிய ஹவுசிங் பக்கம் அதைக் கொண்டே போகாதீர்கள். என் கணக்கில் மொத்த வேலையில் பாதிக்கும் மேல் சுத்தம் செய்வதில்தான் போகும். அதைச் சுருக்க நினைக்கிறவர்கள் பிற்பாடு வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சைடு சீலை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும் என்கிறார்களே, எப்படி?

புதிய சைடு சீல் கொஞ்சம் நீளமாக வருவதுண்டு. அது இரண்டு கார்னர் சீல்களுக்கு நடுவில் வளைந்து உட்காரும். ஒரு முனை ஒரு கார்னர் சீலை ஒட்டி நிற்க, மறுமுனைக்கும் அடுத்த கார்னர் சீலுக்கும் நடுவில் 0.05 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். 0.40-ஐத் தாண்டினால் அந்த சீல் வீண். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் நீண்டு கார்னர் சீலை முட்டும். சீல் சுதந்திரமாக அசையாது. அதிகமாக இருந்தால் அந்த வழியே கம்ப்ரெஷன் கசியும்.

நான் செய்கிற விதம் இது. கார்னர் சீலை அதன் துளையில் வைத்து, சைடு சீலை ஸ்பிரிங் இல்லாமல் பள்ளத்தில் போடுகிறேன். ஒரு முனையை விரலால் தள்ளி ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் 0.05 தகட்டை விடுகிறேன். நுழையவில்லை என்றால் சீலை எடுத்து, முனையை நெய்யரத்தில் இரண்டே இரண்டு இழுப்பு. அந்த முனை நேர்வெட்டு கிடையாது. கார்னர் சீலின் உருண்டைக்கு ஏற்ற மாதிரி குழிவாக இருக்கும். அதனால் தட்டை அரம் போட்டால் வடிவம் கெட்டுவிடும். உருண்டை அரம் வேண்டும். தேய்த்ததும் நகத்தில் ஓரத்தைத் தடவிப் பிசிறு எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன். 0.05 தகடு காகிதத்தில் விரல் உரசுகிற மாதிரி லேசான பிடிப்போடு நுழைந்து வந்தால் சரி, நிறுத்திவிடுவேன். இரண்டு இழுப்பு அதிகமாகப் போனால் திரும்ப ஒட்ட முடியாது. பன்னிரண்டு சீலுக்கும் இதே கதை. ஒவ்வொன்றையும் அது பொருந்திய பள்ளத்தின் பெயர் எழுதிய உறையில் போட்டுவிடுங்கள். இடம் மாற்றிப் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். கண் களைத்தால் 0.05-உம் 0.10-உம் ஒன்றாகத் தெரியும்.

கம்பெனி சீல் போடுவதா, வெளிச்சந்தை சீல் போடுவதா?

முதல் தடவை கட்டுகிறவர், சாலையில் ஓட்டப்போகிற கார் என்றால் கம்பெனி சீல் போடுங்கள். வெளிச்சந்தையில் உடையாமல் வளைந்துகொடுக்கிற மென்மையான உலோகத்தில் வருவது உண்டு. அதிக பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) வைத்து ஓட்டுபவர்களுக்கு அதில் லாபம் இருக்கிறது. ஆனால் சில வகை ஹவுசிங்கைச் சீக்கிரம் தின்னும். சிலவற்றை நீளம் பார்த்து நீங்களே தேய்த்துப் பொருத்த வேண்டும். முதல் என்ஜினிலேயே அத்தனை சந்தேகங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுக்கும்போது எங்கே தப்பு நடக்கும்?

மூன்று இடத்தில்.

ஒன்று, கூலன்ட் சீல். ஓ-ரிங்கைப் பள்ளத்தில் வாசலின் தடவி உட்காரவைக்கிறோம். என் முதல் என்ஜினில் பின் ரோட்டர் வரை எல்லாம் சரியாக வந்தது. நல்ல வெயில் நேரம், ஷெட்டுக்குள் காற்றே இல்லை. வாசலின் உருகியதைக் கவனிக்கவில்லை. பின் ஹவுசிங்கைக் கவிழ்த்து இறக்கியபோது வெளி ஓ-ரிங் ஒரு விரல் நீளத்துக்குப் பள்ளத்தைவிட்டுத் தொங்கி, நடுவில் நசுங்கியது. இறுக்கும்போது கையில் எதுவும் தெரியவில்லை. காரில் ஏற்றுவதற்கு முன்னால் கூலன்ட் பாதையின் வாய்களை அடைத்து, ரேடியேட்டர் மூடி தாங்குகிற அளவுக்குக் காற்று ஏற்றிப் பார்த்தேன். முள் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. திரும்பப் பிரித்தேன். சோப்புத் தண்ணீரும் சைக்கிள் பம்ப்பும் போதும் இந்தச் சோதனைக்கு. அதைச் செய்யாமல் என்ஜினைக் காரில் ஏற்றாதீர்கள். இப்போதெல்லாம் ஹவுசிங்கை இறக்குவதற்கு முன், கவிழ்த்த நிலையில் அடியில் கண்ணாடி பிடித்து முழுச்சுற்றும் பார்த்துவிடுகிறேன்.

இரண்டு, நடு ஹவுசிங். முன் ரோட்டரும் அதன் ஹவுசிங்கும் உட்கார்ந்த பிறகு, எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டைச் சுமார் 25 மி.மீ. மேலே தூக்கிப் பிடித்தால்தான் நடு ஹவுசிங் இறங்கும். இதற்குக் கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும். அவர் தூக்கிப் பிடிக்க, நீங்கள் சரித்து இறக்குங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ தப்பு என்று அர்த்தம். அபெக்ஸ் சீலின் ஸ்பிரிங்கை ரோட்டர் ஹவுசிங் இறங்கிய பிறகு மேலிருந்து விடுங்கள். முன்னாலேயே வைத்தால் துள்ளி ஓடும். ஆயில் ரிங் ஸ்பிரிங்குகளுக்கு நிறக் குறி உண்டு, அதைப் பார்த்துப் போடுங்கள்.

மூன்று, முன்னால் இருக்கும் ஊசி த்ரஸ்ட் பேரிங். அது ஒரு ஸ்பேசர் மேல் உட்கார்ந்திருக்கும். முன் ஹப் போல்ட்டை இறுக்குவதற்குள் ஷாஃப்ட் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலும் பேரிங் நழுவி, ஸ்பேசருக்கும் தட்டுக்கும் நடுவில் சிக்கும். இறுக்கினால் நசுங்கிவிடும். என்ஜினை முன்பக்கம் மேலே பார்க்க நிறுத்தி, ஷாஃப்ட் நகராமல் அடியிலிருந்து தாங்கிக்கொண்டு போல்ட்டைப் போடுங்கள்.

அடுக்கை இறுக்கும் நீள போல்ட்டுகளுக்கு 32 முதல் 39 நியூட்டன் மீட்டர்தான். மேனுவலில் உள்ள வரிசைப்படி, இரண்டு மூன்று சுற்றாக. கை பலத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

எண்ட் ப்ளே என்றால் என்ன? அளக்காமல் விடலாமா?

எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் தூரம். விடக்கூடாது. டயல் கேஜை ஃப்ளைவீலில் முட்டவைத்து, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். 0.04 முதல் 0.07 மி.மீ. வரை இருந்தால் நல்லது, எல்லை 0.09. கூடினால் மெல்லிய ஸ்பேசர், குறைந்தால் தடித்த ஸ்பேசர்; எழுத்துக் குறியோடு வெவ்வேறு தடிப்பில் கிடைக்கும். அளவு விசித்திரமாக வந்தால், மேலே சொன்ன ஊசி பேரிங் சிக்கியிருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள்.

ஆர்எக்ஸ்-8-க்கும் இதெல்லாம் பொருந்துமா?

கட்டும் முறை ஒன்றுதான். ஆனால் ஆர்எக்ஸ்-8-இல் உள்ள ரெனிசிஸ் என்ஜினில் புகை வெளியேறும் வழி ரோட்டர் ஹவுசிங்கில் இல்லாமல் சைடு ஹவுசிங்கில் இருக்கிறது. அதனால் சைடு சீல் பக்கம் கரி அதிகமாகச் சேரும், சைடு ஹவுசிங் தேய்மானத்தையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அபெக்ஸ் சீல் உயரம் குறைவு. ஆர்எக்ஸ்-7 சீலை மாற்றிப் போட முடியாது. 2009 மாடலிலிருந்து ஒவ்வொரு ரோட்டர் ஹவுசிங்குக்கும் ஆயில் தெளிப்பான் மூன்றாகியது; அதற்கு முன் இரண்டு.

பழைய என்ஜின் ஏன் போனது என்று தெரியவில்லை. புதிதாகக் கட்டினால் சரியாகிவிடும் அல்லவா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். சீல் தானாக உடைவது அபூர்வம். பெட்ரோல் பத்தாமல் டெட்டனேஷன் (எரிபொருள் சீராக எரியாமல் வெடிப்பது) வந்திருக்கும், அல்லது ஒரு தடவை கடுமையாகச் சூடேறியிருக்கும், அல்லது சீலுக்கு ஆயில் தெளிக்கிற பம்ப் நின்றிருக்கும். அந்தக் காரணம் காரிலேயே இருக்கிறது. நீங்கள் என்ஜினை மட்டும் எடுத்துக் கட்டித் திரும்ப அதே இடத்தில் வைக்கிறீர்கள்.

உடைந்த அபெக்ஸ் சீல், ரோட்டர் முகத்தில் புள்ளிப் புள்ளியாகக் கொத்தல் இருந்தால் டெட்டனேஷன். இன்ஜெக்டர்களைச் சோதனைக்கு அனுப்புங்கள், பெட்ரோல் பம்ப் அழுத்தம் பாருங்கள், பூஸ்ட் ஏன் ஏறியது என்று தேடுங்கள். சைடு ஹவுசிங் வளைந்து, ஓ-ரிங் கருகி இருந்தால் சூடு. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன், மூடி எல்லாம் பாருங்கள். 1990-களின் ஆர்எக்ஸ்-7 டர்போவில் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டேங்க் பழையதாகி வெடிப்பது தெரிந்த விஷயம், உலோகத்தில் மாற்றுங்கள். ஹவுசிங் சுவர் காய்ந்து, சீல்கள் எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஆயில் தெளிப்புக் குழாய்களை ஊதிப் பாருங்கள். ஆர்எக்ஸ்-8-இல் இக்னிஷன் காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் வெளியே போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கி அடைக்கும், பிறகு என்ஜினே சூடேறும்.

காரணம் கிடைக்கும்வரை அடுக்க ஆரம்பிக்க வேண்டாம். சாமான் வர வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டால் புது சீல்களுக்குப் பிடிப்பு கிடைக்கும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். புதிய என்ஜினில் கம்ப்ரெஷன் முதலில் குறைவாகவே காட்டும், பயப்படாதீர்கள். பெட்ரோல் மூழ்கிவிட்டால் பிளக்குகளைக் கழற்றிச் சுற்றி வெளியே தள்ளிவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

கிளம்பியதும் புகை மண்டும். வாசலினும் அசெம்பிளி ஆயிலும் எரிகிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் குறைய வேண்டும். இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் அது கூலன்ட், அணைத்துவிடுங்கள். கண் மட்டும் சூட்டு முள்ளைவிட்டு நகரக்கூடாது, கூலன்ட்டில் காற்று சிக்கியிருந்தால் சட்டென்று ஏறும்.

எவ்வளவு தூரம் மெதுவாக ஓட்ட வேண்டும்?

ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் முதல் 1000 கிலோமீட்டருக்கு 4000 ஆர்பிஎம்-ஐத் தாண்டுவதில்லை, பூஸ்ட் ஏற்றுவதில்லை. ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுகிறேன். பெட்ரோலில் லிட்டருக்கு 5 முதல் 8 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். ஆயில் பம்ப் வேலை செய்தாலும் இந்தக் காலத்தில் அது கூடுதல் பாதுகாப்பு.

முதல் ஆயில் மாற்றத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு ஒரு தடவை, 500 கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றுங்கள். ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் சாதாரணம். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துகள் மினுங்கினால் பேரிங், உடனே நிறுத்துங்கள். 1000 கிலோமீட்டர் முடிந்ததும் கம்ப்ரெஷன் எடுத்து, ஆறு முகத்தின் எண்களையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.